நுரைக்காத எரிமலை, எரியாத விளக்கு: கோடை விடுமுறை வீட்டுச் சோதனைகளில் கோளாறு எங்கே?

பள்ளிக்கூடம் பூட்டி ஒரு வாரம் ஆனதும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கையில் ஒரு டம்ளரோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். "அத்தை, வீடியோவுல வந்துச்சு, எங்க வீட்டுல வரல." புகார்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதே இல்லை. அதனால் ஒவ்வொரு புகாருக்கும் எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது, எந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு விஷயம் தெரிந்தவரிடம் போவது என்று எழுதி வைத்துவிட்டேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கானவை இவை. ஏன் அப்படி நடக்கிறது என்ற பாடம் இதில் கிடையாது.

இந்தச் செய்முறைகளில் முக்கால்வாசி வேறு ஊர்க் கடையையும் வேறு ஊர் வெயிலையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. பிள்ளை தப்பாகச் செய்ததால் கெட்டதைவிட, டப்பாவில் இருந்தது வேறு பொருளாகவோ, காற்று ஈரமாகவோ, தண்ணீர் போர்த் தண்ணீராகவோ இருந்து கெட்டதுதான் அதிகம். பிள்ளையைத் திட்டும் முன் டப்பாவைத் திறந்து பாருங்கள்.

ஒரே ஒரு விதி: ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றிச் சரியாகிவிட்டால், எதனால் சரியானது என்று அடுத்த முறை தெரியாது.

## எரிமலை நுரைக்கவில்லை

நுரையே வரவில்லை

ஆப்பச்சோடாவில் வினிகர் ஊற்றிப் பொங்க வைப்பதுதான் இந்த எரிமலை. வேண்டியது ஆப்பச்சோடா. பெயர் எழுதாத டப்பாக்கள் உள்ள அடுக்களையில் அதன் பக்கத்திலேயே சோளமாவும் மைதாவும் இருக்கும். தட்டில் அரைக் கரண்டி போட்டு எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விடுங்கள். சீறினால் சோடா சரி, வினிகர் பாட்டிலைச் சந்தேகப்படுங்கள். சீறாவிட்டால் அது சோடாவே இல்லை.

இன்னொரு கரண்டியில் வெறும் தண்ணீர் விடுங்கள். தண்ணீருக்கே பொங்கினால் உங்களிடம் இருப்பது பேக்கிங் பவுடர் அல்லது ஈனோ. பேக்கிங் பவுடரில் மாவும் கலந்திருப்பதால் வேகம் குறைவு. ஈரம் பட்ட பழைய டப்பா என்றால் இருக்கும் வேகமும் போயிருக்கும்.

சலவைச் சோடாவும் புளிப்புக்கு நுரைக்கும் என்பதால் எலுமிச்சைச் சோதனையில் அது மாட்டாது. கையையும் கண்ணையும் எரிக்கும், ஆகவே பிள்ளைகளிடம் கொடுக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் மஞ்சள் தூள் கரைத்த தண்ணீரில் ஒரு சிட்டிகை போடுங்கள். சலவைச் சோடா என்றால் சட்டென்று அடர்சிவப்பாகும். ஆப்பச்சோடாவுக்கு அவ்வளவு மாறாது, லேசாக ஆரஞ்சு தட்டும்.

நுரைத்தது, உடனே அடங்கிவிட்டது

வினிகர் போதவில்லை. ஒரு தேக்கரண்டி சோடா, அதாவது சுமார் 5 கிராம், முழுவதும் தீர 4 முதல் 5 சதவீத வினிகர் 75 முதல் 90 மில்லி வரை வேண்டும். வீட்டில் விடுவது இரண்டு கரண்டி. அடியில் வெள்ளையாகத் தங்கியிருப்பதன் மேல் இன்னும் கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்கள். மறுபடி பொங்கினால் விஷயம் முடிந்தது. வினிகருக்குப் பதில் எலுமிச்சை பிழிவதென்றால் நாலு பழமாவது ஆகும். மே மாதத்தில் எலுமிச்சை விற்கும் விலைக்கு வினிகர்தான் கட்டுப்படி.

நுரை வருகிறது, வழியவில்லை

பாத்திரத்தின் வாய் அகலம். சிறிய மருந்துக் குப்பியில் மாற்றி, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விடுங்கள். மூடி போட்டு இறுக்கிக் குலுக்கும் வேலை மட்டும் வேண்டாம், குப்பி வெடிக்கும்.

பலூன் ஊதவில்லை

சோடாவும் வினிகரும் கலந்த பாட்டிலின் வாயில் மாட்டும் பலூன் இது. புதுப் பலூனை முதலில் பெரியவர் ஒருவர் வாயால் ஒருமுறை ஊதி விட வேண்டும். அதன்பின் பாட்டில் கழுத்தில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி கிளம்பும் இடத்தில் கசிவு, அங்கே ரப்பர் பேண்ட். மேலே சொன்ன 5 கிராம் கணக்குக்கு ஒரு லிட்டருக்கு மேல் வாயு வரும், ஆகவே சோடாவைக் கூட்ட வேண்டிய அவசியமே இல்லை.

## பூவும் மஞ்சளும் நிறம் மாறவில்லை

எது புளிப்பு, எது காரம் (சோப்பு, சோடா, சுண்ணாம்பு போன்றவை) என்று நிறம் மாறிக் காட்டும் சோதனைக்கு வெளிநாட்டுச் செய்முறை சிவப்பு முட்டைக்கோஸ் கேட்கும். அதைத் தேடி அலைய வேண்டாம். சங்குப்பூ, செம்பருத்தி, மஞ்சள் மூன்றும் அந்த வேலையைச் செய்யும்.

மஞ்சள் தாளில் எலுமிச்சை விட்டோம், ஒன்றும் ஆகவில்லை

ஆகக் கூடாது. மஞ்சள் புளிப்புக்கு மாறாது, காரத்துக்குத்தான் சிவக்கும். சோப்புத் தண்ணீர் தொட்டுப் பாருங்கள். சிவந்த பிறகு அதே இடத்தில் எலுமிச்சை விட்டால் திரும்ப மஞ்சளாகும், பிள்ளைகள் கைதட்டுவது அப்போதுதான். ஆரத்தித் தண்ணீர் போல வேண்டுமென்றால் சுண்ணாம்பு வேண்டும். அதைப் பல்குச்சி முனையில் தொட்டு பெரியவர்தான் கலக்க வேண்டும். சுண்ணாம்பு டப்பாவோ பாக்கெட்டோ பிள்ளை கைக்குப் போகக் கூடாது, காரணம் கடைசிப் பகுதியில்.

சங்குப்பூ தண்ணீர் ஆரம்பத்திலேயே பச்சையாக இருக்கிறது

போர்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தீர்களா? உப்பு கூடிய போர்த் தண்ணீர் கொதித்தால் காரம் ஏறும். பூவுக்கு ஏற வேண்டிய நீலத்தை அது முதலிலேயே மாற்றிவிடும். கேன் தண்ணீரில் நாலு பூ போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். கேன் தண்ணீரில் நல்ல நீலம் வந்தால் கோளாறு குழாயில். அந்தப் போர்த் தண்ணீரையே குடிக்கவும் செய்கிறீர்கள் என்றால் இங்கே பிள்ளை விளையாட்டு முடிந்து பெரியவர் வேலை தொடங்குகிறது: தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வகம் உண்டு, கட்டணம் கட்டித் தண்ணீரைச் சோதிக்கலாம்.

நிறம் இருக்கிறது, மிகவும் வெளிறல்

பூ போதவில்லை. ஒரு டம்ளருக்குப் பத்துப் பூவாவது வேண்டும். முந்தின நாள் கரைசல் என்றால் கொட்டிவிடுங்கள், நம் வெயிலுக்கு ஒரு நாளிலேயே வாடை வந்துவிடும்.

## சீப்பு காகிதத்தை இழுக்கவில்லை

தேய்த்த சீப்பு காகிதத் துண்டை இழுக்கும் சோதனை இது. அதிகமாக வரும் புகாரும் இதுதான். சென்னை, கடலூர், நாகை, தூத்துக்குடி என்று கடலோரத்துப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் வரும். கோயம்புத்தூரில் சித்தப்பா வீட்டுக்குப் போனபோது வந்தது, இங்கே வரவில்லை என்பார்கள். பொய்யில்லை.

*முதல் சந்தேகம் தலை.* தேங்காய் எண்ணெய் வைத்த தலையில் சீப்பைத் தேய்த்துப் பயனில்லை. எண்ணெய் சீப்பில் ஒட்டினால் அந்தச் சீப்பும் அன்றைக்குப் போச்சு. சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடையுங்கள். தலைக்குக் குளித்து முடி முழுக்கக் காய்ந்த பிள்ளையை அழையுங்கள், அல்லது தலையை விட்டுவிட்டுப் பாலியஸ்டர் துணியிலோ பட்டுத் துணியிலோ தேய்க்கச் சொல்லுங்கள். பருத்தித் துண்டு சரிப்படாது, அது காற்றின் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

*இரண்டாவது, காகிதத் துண்டு.* காகிதம் விரல் நகத்தில் பாதி அளவுக்குக் கிழிந்திருக்க வேண்டும். நோட்டுத் தாளைவிட டிஷ்யூ தாள் லேசு. தெர்மாகோல் உடைத்த மணிகள் அதைவிட லேசு, ஆனால் வீடு பெருக்குவது நீங்கள்.

*மூன்றாவது, சீப்பு.* மரச் சீப்பும் உலோகச் சீப்பும் வேலைக்கு ஆகா. பிளாஸ்டிக் அளவுகோல், பால்பாயின்ட் பேனாவின் உடல், ஊதிய பலூன் மூன்றும் நடக்கும்.

*நான்காவது, கை.* வியர்வைக் கையால் பலூனை முழுக்கப் பிடித்துக்கொண்டால் ஏறியதெல்லாம் கை வழியே இறங்கிவிடும். முடிச்சை மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள். மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்திருந்தால் காகிதம் பறந்து, வந்ததா வரவில்லையா என்றே தெரியாது.

இத்தனையும் சரியாக இருந்தும் வரவில்லையென்றால் காற்றுதான் காரணம். அதற்குச் செய்யக்கூடியது நேரத்தை மாற்றுவது. கடற்காற்று உள்ளே வருமுன், நிலக்காற்று வறண்டு வீசும் முற்பகலில் செய்து பாருங்கள். அல்லது குளிர்சாதன அறையில் அரைமணி நேரம் சீப்பையும் துணியையும் வைத்துவிட்டு அங்கேயே செய்யுங்கள், ஏனென்றால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். மாலை ஐந்து மணிக்குப் பெசன்ட் நகர் கடற்கரை ஓரத்து வீட்டில் இதைச் செய்து காட்டுகிறேன் என்று யாராவது பந்தயம் கட்டினால் நான் எதிர்ப்பக்கம் பணம் வைப்பேன்.

அப்போதும் நகராவிட்டால் விட்டுவிட்டு டிசம்பர், ஜனவரியில் வறண்ட ஒரு நாளில் எடுங்கள். எந்த நிபுணரும் இதற்கு வர வேண்டாம்.

## படிகம் வளரவில்லை

எந்தப் பொருள் என்று முதலில் கேளுங்கள், ஏனென்றால் மூன்றுக்கும் மூன்று வழி.

சாப்பாட்டு உப்பு: கரைத்து ஆற வைத்தோம், ஒன்றும் விழவில்லை

விழாது. 100 மில்லி தண்ணீரில் அறைச் சூட்டில் 36 கிராம் உப்பு கரையும், கொதிக்கும் தண்ணீரிலும் 40 கிராமைத் தாண்டாது. ஆறினால் வெளியே வர மிச்சமே இல்லை. தண்ணீர் ஆவியாகிப் போனால்தான் உப்புப் படிகம். ஆகவே உயரமான டம்ளரில் வைக்காமல் அகலத் தட்டில் மெல்லிசாக ஊற்றுங்கள். கடலோர வீட்டில் நாள் கூடும். தூள் உப்பில் கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருளால் கரைசல் கலங்கும், கல் உப்பு வாங்கி வடிகட்டிக்கொண்டால் தெளிவாக இருக்கும்.

படிகாரம்: அடியில் மாவு போலப் படிந்தது, கல்லாகவில்லை

என் ஓட்டு எப்போதும் படிகாரத்துக்குத்தான். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும், சூட்டோடு கரைதிறன் பல மடங்கு கூடும், நம் ஊருக்குப் பொருத்தம். மாவாகப் படிந்தால் ஆறிய வேகம் அதிகம். குளிர்பதனப் பெட்டியில் வைத்திருப்பீர்கள், எடுத்து வெளியே வையுங்கள். பாத்திரத்தைத் துண்டால் சுற்றினால் இன்னும் மெல்ல ஆறும்.

எதுவுமே படியவில்லையென்றால் சரக்கு குறைவு. 30 டிகிரி அறையில் 100 மில்லி தண்ணீர் பதினாறு, பதினேழு கிராமைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும், அதற்கு மேல் போட்டதுதான் கல்லாக வெளியே வரும். 25 முதல் 30 கிராம் போட்டுச் சுடுதண்ணீரில் கரையுங்கள். சுடுதண்ணீர் உங்கள் கையில், கிளறும் கரண்டி பிள்ளை கையில்.

ஒரு பெரிய கல் வேண்டுமென்றால் முதல் நாள் விழுந்ததில் நல்ல வடிவான ஒன்றை எடுத்து நூலில் கட்டிப் புதுக் கரைசலில் தொங்கவிட வேண்டும். தொங்கவிட்டது கரைந்து காணாமல் போனால் கரைசல் இன்னும் சூடாக இருந்திருக்கிறது அல்லது நிறையவில்லை. பிள்ளை மணிக்கு ஒருமுறை நூலைத் தூக்கிப் பார்த்தாலும் வளராது. இதற்கு மருந்து, அலமாரியின் மேல்தட்டு.

கற்கண்டு: பாகு அப்படியே நிற்கிறது

குச்சியை நனைத்துச் சர்க்கரையில் புரட்டி, முழுக்கக் காய்ந்த பின்பே பாகில் இறக்கினீர்களா? காயாமல் இறக்கினால் ஒட்டிய சர்க்கரை உதிர்ந்து அடியில் போய்விடும். ஒரு பங்கு தண்ணீருக்கு எடையில் இரண்டரை பங்குக்குக் குறையாத சர்க்கரை, ஒரு வாரப் பொறுமை. எறும்பு வந்தால் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் டம்ளரை நிறுத்துங்கள்.

மயில்துத்தத்தில் நீலப் படிகம் அழகாக வரும் என்று யாராவது சொல்வார்கள். வரும், ஆனால் அது விஷம். இந்த வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம்.

## விதை முளைக்கவில்லை

மூன்று நாளாகியும் அசைவே இல்லை

போட்டது பாசிப்பருப்பா, பச்சைப்பயறா? தோல் நீக்கி உடைத்த பருப்பு முளைக்காது. வறுத்த கடலையும் புழுங்கல் அரிசியும் முளைக்காது. சிரிக்காதீர்கள், இந்தப் புகாரில் பெரும்பாலும் இதுதான் பதில். முழுக் கொத்தமல்லி விதையை லேசாக அழுத்தி இரண்டாகப் பிளந்து போட வேண்டும், அதற்கே ஒன்றிரண்டு வாரம் ஆகும், பொறுமையில்லாத பிள்ளைக்கு அது உகந்ததல்ல. வெந்தயமும் பச்சைப்பயறும் இரண்டு நாளில் வால் விடும்.

விதை சரியென்றால் பழசா என்று பாருங்கள். பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து மூன்றாம் நாள் எண்ணுங்கள். ஐந்துக்குக் குறைவாக முளைத்தால் வேறு பாக்கெட். ஊறிப் பருத்தது என்பதை நம்ப வேண்டாம், செத்த விதையும் பருக்கும்.

நாற்றம், பூசணம்

தண்ணீர் தேங்குகிறது. பஞ்சைப் பிழிந்தால் சொட்டக் கூடாது. காலை, மாலை இருவேளை அலசி வடியுங்கள். நம் ஊர் மேயில் மூடிய டப்பா ஒரே பகலில் புளித்துவிடும். பூசணம் வந்ததைக் கழுவிக் காப்பாற்றப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள்.

முளைத்து, வெளிறி, நீளமாகச் சாய்கிறது

கோளாறில்லை, வெளிச்சம் தேடுகிறது. சன்னலோரம் போதும். மொட்டை மாடியில் வைத்தால் ஒரு மத்தியானத்தில் வெந்துவிடும்.

## நிழல் சொன்னபடி கேட்கவில்லை

குச்சி நட்டு நிழல் அளப்பது செலவில்லாத சோதனை. அதில் வரும் புகார்களில் பாதி கோளாறே அல்ல.

12 மணிக்கு நிழல் மிகக் குறுகியிருக்க வேண்டாமா?

வேண்டாம். நம் கடிகாரம் நாடு முழுவதற்கும் ஒன்று, சூரியன் ஊருக்கு ஊர் வேறு நேரத்தில் உச்சிக்கு வரும். மே நடுவில் சென்னைக்கு உச்சி சுமார் 12.05, மதுரைக்கு 12.14, கன்னியாகுமரிக்கு 12.16, கோயம்புத்தூருக்கு 12.18. பதினொன்றே முக்காலில் தொடங்கிப் பன்னிரண்டரை வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி வைத்தால் குறுகிய இடம் தானே தெரியும். புள்ளி வைத்ததும் பிள்ளை நிழலுக்குத் திரும்பிவிட வேண்டும், தலையில் தொப்பி, கையில் மோர்.

நிழல் வடக்கே விழும் என்று போட்டிருந்தது, தெற்கே விழுகிறது

உங்கள் பிள்ளை சரியாகப் பார்த்திருக்கிறது. வடக்கே விழும் என்பது கடக ரேகைக்கு வடக்கே வாழ்கிறவர்களின் கணக்கு. சென்னையில் ஏப்ரல் 24 வாக்கில் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும், தெற்கு மாவட்டங்களில் அதற்கும் முன்பே. அதன் பிறகு ஆகஸ்ட் நடு வரைக்கும் தமிழ்நாட்டில் எங்கிருந்தாலும் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே. சரிபார்க்க ஓர் அளவு தருகிறேன்: ஒரு மீட்டர் குச்சிக்கு மே நடுவில் உச்சி நிழல் சென்னையில் 10 செ.மீ. அளவு, கன்னியாகுமரியில் 19 செ.மீ. அளவு.

அளவு பொருந்தவில்லை

குச்சி சாய்ந்திருக்கிறது. நிழல் குட்டையாக இருக்கும் மாதத்தில் குச்சியின் சிறு சாய்வும் கணக்கைக் கெடுத்துவிடும். நூலில் சாவி கட்டித் தொங்கவிட்டுக் குச்சியை அதனோடு ஒப்பிடுங்கள். தரையும் பார்க்க வேண்டும். மொட்டை மாடித் தளம் மழைத்தண்ணீர் வடிய ஒரு பக்கம் சரித்துத்தான் போட்டிருப்பார்கள். ஒரு பலகையைச் சமமாக வைத்து அதன் மேல் நடுங்கள்.

அட்டைப்பெட்டிச் சூரிய அடுப்பு சூடேறவில்லை

இதுவும் அதே கதை. பெட்டியைத் தெற்கே பார்த்துச் சாய்க்கச் சொல்லியிருக்கும். இங்கே மேயில் சாய்க்காமல் தட்டையாக வையுங்கள், மூடியில் ஒட்டிய அலுமினியத் தாள் வெளிச்சத்தை உள்ளே அடிக்கும்படி நிமிர்த்துங்கள். அடுத்து, மேலே ஒட்டிய கண்ணாடித் தாளில் காற்றுப் போகும் சந்து இருக்கிறதா பாருங்கள். பிறகு, அடியில் கறுப்புத் தாள் இருக்கிறதா என்று பாருங்கள். சாக்லேட் உருகுகிறதா என்று பார்ப்பதில் அர்த்தமில்லை, நம் வீட்டில் அது அலமாரியிலேயே உருகும். ஒரே அளவு தண்ணீரைப் பெட்டிக்குள் ஒரு கிண்ணத்திலும் வெளியே வெயிலில் ஒரு கிண்ணத்திலும் வைத்து ஒப்பிடுங்கள்.

நிழலை, தரையை, பெட்டியைப் பார்க்கலாம். சூரியனைப் பார்க்கக் கூடாது. கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே தாள், ஊசித்துளை எது வழியாகவும் கூடாது.

## எலுமிச்சையில் விளக்கு எரியவில்லை

எலுமிச்சையில் செம்புக் கம்பியும் துத்தநாகப் பூச்சுள்ள ஆணியும் குத்தி, சிறு எல்.இ.டி. விளக்கை எரிய வைக்கும் சோதனை இது. இந்தப் பகுதியை வரிசை மாற்றாமல் செய்யுங்கள், முதல் நான்கும் காசில்லாத வேலை.

எல்.இ.டி.யின் இரண்டு காலையும் திருப்பிப் போடுங்கள். நீளக் கால் செம்புப் பக்கம் வர வேண்டும். கால் வெட்டிய பழைய விளக்கு என்றால் இரண்டு வழியிலும் போட்டுப் பாருங்கள்.

விளக்கின் நிறம் என்ன? சிவப்புக்கு 2 வோல்ட்டுக்குள் போதும். வெள்ளைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட் வேண்டும், வீட்டு எலுமிச்சையோடு அதற்கு மல்லுக்கட்ட வேண்டாம்.

எத்தனை பழம்? ஒரு பழம் ஏறக்குறைய 0.9 வோல்ட் தரும். சிவப்பு விளக்குக்கு மூன்றோ நாலோ பழம். ஒன்றின் செம்பு அடுத்ததன் ஆணிக்கு என்று வரிசையாகப் போக வேண்டும். பழத்துக்குள் இரண்டு உலோகமும் ஒன்றையொன்று தொட்டால் அந்தப் பழம் கணக்கில் இல்லை.

அறையை இருட்டாக்குங்கள். பகல் வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்திருக்கலாம். உள்ளங்கையால் மூடிப் பாருங்கள், மங்கலாகத்தான் எரியும்.

இனி உலோகம். செய்முறை செம்புக் காசு கேட்கும், நம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் காசுகள் துருப்பிடிக்காத எஃகு. அவற்றால் பயனில்லை. வயரிங் வேலை நடந்த வீட்டில் கேட்டால் வெட்டி எறிந்த செம்புக் கம்பி ஒரு சாண் கிடைக்கும், தோலை உரித்துப் பளபளவென்று தேய்த்துக்கொள்ளுங்கள். ஆணிப் பக்கம் துத்தநாகம் வேண்டும், வெறும் இரும்பு போதாது. துணி காயப்போடும் ஜி.ஐ. கம்பி சரியானது. கட்டட வேலைக் கறுப்புக் கட்டுக்கம்பியில் துத்தநாகம் இல்லை.

எல்லாம் சரி, இன்னும் எரியவில்லை என்றால் மல்டிமீட்டர் வைத்திருப்பவரை அழையுங்கள். ஒரு பழம் 0.9 காட்டினால் உலோகம் சரி. 0.5 அளவே காட்டினால் ஆணி வெறும் இரும்பு. மொத்தம் 2.7 காட்டியும் எரியாவிட்டால் மின்னோட்டம் போதவில்லை: பழத்தைத் தரையில் உருட்டிச் சாறு இளக்குங்கள், கம்பியைச் சுருட்டிப் பரப்பைக் கூட்டி ஆழமாகக் குத்துங்கள். முடிந்ததும் அந்தப் பழத்தைச் சாறு பிழியக் கூடாது, உலோகம் கரைந்திருக்கும்.

ஆணிக் காந்தம் குண்டூசியை இழுக்கவில்லை

ஆணியில் கம்பியைச் சுற்றி, கம்பி முனைகளைச் செல்லில் வைத்தால் ஆணி காந்தமாகும். மோட்டார் காயில் கட்டும் கடையில் வாங்கிய கம்பியா? அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத பூச்சு உண்டு. இரண்டு முனையையும் உப்புத்தாளால் செம்பு மின்னும்வரை தேய்க்காவிட்டால் மின்சாரமே ஏறாது. இந்தப் புகாரில் நான் முதலில் பார்ப்பதும், அநேகமாகக் கடைசியில் பார்ப்பதும் அதுதான். அடுத்து, சுற்று எல்லாம் ஒரே திசையில் இருக்கிறதா, ஐம்பது சுற்றாவது தேறுமா? குண்டூசி பித்தளையா? அலமாரிக் காந்தத்தில் ஒட்டுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். பிறகுதான் புதுச் செல்.

ஐந்து நொடிக்கு மேல் பிடித்தால் கம்பி சுடும். 1.5 வோல்ட் செல் தவிர வேறெதுவும் வேண்டாம். செல்போன் பேட்டரி, பவர் பேங்க், இன்வெர்ட்டர் எல்லாம் விலக்கு. செல்லை எடுத்த பிறகும் ஆணி கொஞ்சம் இழுத்தால் அது பிழையில்லை, கீழே தட்டினால் போய்விடும்.

சுவர் பிளக்கில் இருப்பது 230 வோல்ட். அதிலிருந்து எந்தக் கம்பியும் பிள்ளை மேசைக்கு வரக் கூடாது. பிளக் பக்கம் பொறியோ கருகல் வாடையோ வந்தால் சோதனையை மறந்துவிட்டு மெயினை அணைத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

## பிள்ளை ஐந்து நிமிடத்தில் எழுந்து போய்விட்டது

நீங்களே செய்துகொண்டிருக்கிறீர்கள். ஊற்றும் வேலையை அதனிடம் கொடுங்கள். அதுவும் சரியென்றால் நேரம் சரியில்லை, மத்தியானம் இரண்டு மணிக்கு வியர்த்து வழிய எந்தப் பெரியவரும்கூட உட்கார மாட்டார். படிகம், விதை போன்ற காத்திருக்கும் சோதனையை மட்டும் கொடுத்திருந்தால் பக்கத்தில் உடனே பொங்குவது ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

## வீட்டில் பார்க்கக் கூடாதவை

பயறு மூக்கிலோ காதிலோ போய்விட்டது. ஊக்கோ பட்ஸோ விட்டு நோண்டினால் உள்ளே தள்ளிவிடும். காதில் தண்ணீரோ எண்ணெயோ விடவே கூடாது, பயறு ஊறிப் பெருத்து இறுகும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அன்றைக்கே போங்கள். மூச்சு திணறினால் 108.

கண்ணில் சுண்ணாம்பு பட்டது. பாக்கெட்டை அழுத்தும்போது பீய்ச்சி அடித்துப் பிள்ளைகள் பார்வை இழந்ததுண்டு. தேய்க்க விடாமல், இமையைத் திறந்து பிடித்து, ஓடும் சுத்தமான தண்ணீரில் பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமல் கழுவுங்கள். தங்கிய துணுக்கு தெரிந்தால் தண்ணீரோடே வெளியேற விடுங்கள். கழுவி முடித்த கையோடு கண் மருத்துவமனை. வினிகர், சலவைச் சோடா பட்டாலும் முதல் வேலை கழுவுவதுதான்.

பொத்தான் செல்லை விழுங்கிவிட்டது, அல்லது விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம். ரிமோட், பொம்மை, பேட்டரி மெழுகுவத்தி எல்லாவற்றிலும் இருக்கும் வட்டச் செல். தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் பொத்துவிடக்கூடியது. வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, வாழைப்பழம் கொடுத்துத் தள்ளப் பார்க்கக் கூடாது, மலத்தில் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. எக்ஸ்ரே வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு உடனே. சிறு காந்தம் ஒன்றுக்கு மேல் விழுங்கினாலும் இதே அவசரம், குடலின் இரண்டு மடிப்பை நடுவில் வைத்து அவை ஒட்டிக்கொள்ளும். அதே மாதிரிச் செல்லோ காந்தமோ இன்னொன்று வீட்டில் இருந்தால் மருத்துவரிடம் காட்ட எடுத்துச் செல்லுங்கள்.